திடீரெனக் குறுக்கே வந்தவள்

எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு கார் என்னை அடித்தது. 1980ஆம் ஆண்டு மாசி மாதம், காலை ஏழு மணியிருக்கும். பூவரசங்குளத்துக்கும் செட்டிகுளத்துக்கும் நடுவில், மன்னார் வீதியில், அம்மாவும் நானும் கச்சான் என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பிடுங்கும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அம்மாவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அதை முடிச்சுப் போட அவர் பின்தங்கி உட்கார்ந்தார். நான் மெதுவாக முன்னால் நடந்தேன். தார் ரோட்டில் அல்ல, அதன் ஓரத்துச் செம்மண்ணில். இதைப் பிறகு எத்தனையோ பேரிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. அன்று அது ஒரு விஷயமாகவே படவில்லை. எல்லாரும் நடக்கிற இடத்தில்தான் நானும் நடந்தேன்.

எதிரே சாம்பல் நிறக் கார் ஒன்று வந்தது. அப்படியொன்றும் வேகமாக வரவில்லை. பற்றைப் புதருக்குள் இருந்து ஒரு உடும்பு வெளிப்பட்டு ரோட்டைக் கடந்தது. கார் அதற்கு விலகி, என் பக்கமாகத் திரும்பியது. காரை ஓட்டியவரின் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். என் வயதுப் பெண். இரட்டைப் பின்னல். ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இருந்த நடுவயது ஆள் குறுக்கே கைநீட்டி அதைத் திருப்பப் பார்த்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வானம் தெரிந்தது, தரை தெரிந்தது, மறுபடி வானம் தெரிந்தது.

அம்மா ஓடி வந்து சேர்ந்தபோது அந்த ஆள் ஓட்டுகிற இடத்துக்கு மாறியிருந்தார். அவர் அந்தப் பெண்ணின் வீட்டு டிரைவர் என்று பிறகு தெரிந்தது. அவரும் அம்மாவுமாக என்னைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். வவுனியா போய்ச் சேரும்வரை அந்தப் பெண் என் தலையை மடியில் வைத்திருந்தாள். அவளுடைய கண்ணீர் என் நெற்றியில் விழுந்து காதுக்குள் இறங்கியது. கையைத் தூக்கித் துடைக்க முடியாமல் எனக்கு அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றிய பிறகு அவளைக் காணவில்லை.

இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. காலில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் கல்லுத் தொங்கவிட்டு, ஆடாமல் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஒரு பொலிஸ்காரர் வாக்குமூலம் எழுத வந்தார். சிங்களவர். கொஞ்சம் தமிழ் பேசினார். நல்ல மனிதர்தான், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டார். எந்தப் பக்கம் நடந்தாய், கார் வேகமாக வந்ததா, ஹோன் அடித்தார்களா என்றெல்லாம் விசாரித்தார். யார் ஓட்டியது என்று கேட்கவில்லை. டிரைவர் அதற்குள் பொலிசுக்குப் போய்த் தானே ஓட்டியதாகச் சொல்லிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நாங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். எழுபத்தேழு இனக்கலவரத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தை எரித்த பிறகு அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரு லொறியில் ஏறி வவுனியாவுக்கு வந்தோம். செட்டிகுளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் பெயரில் பத்திரம் ஏதும் இல்லாமல் அரசாங்கக் காட்டை வெட்டி, இரண்டு ஏக்கர் துப்புரவாக்கி, மண் சுவர் வைத்து ஒரு வீடு கட்டியிருந்தோம். மழை பெய்தால் பயிர் செய்வோம், இல்லாவிட்டால் கூலிக்குப் போவோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் எட்டாம் வகுப்புவரை படித்திருந்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கைநாட்டுத்தான். எங்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை, இந்தியாவின் உரிமையும் இல்லை. விண்ணப்பம் போட்டு வருடக் கணக்காகியிருந்தது.

கார் வவுனியாவில் அரிசி ஆலை வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. அந்தப் பெண் அவருடைய ஒரே மகள். முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. என் தலைமாட்டில் நின்று, மருந்துச் செலவு எதுவானாலும் சொல்லும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டு, மால்ட் மா டின் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அப்பா அவருக்குப் பின்னால் வாசல்வரை கும்பிட்டபடி நடந்தார். கட்டிலில் கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிபட்டது நாங்கள், கும்பிடுவதும் நாங்களா என்று வந்த கோபத்தில் கால் வலி கொஞ்ச நேரம் தெரியவில்லை.

மூன்று வாரம் கழிந்து நான்காவது கிழமை ஆலையின் கணக்கப்பிள்ளை வந்தார். கையில் டைப் அடித்த ஒரு தாள். ஐயாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு வருடம் முழுவதும் கூலிக்குப் போனாலும் கையில் மிஞ்சாத காசு. தாளை வாங்கி நானே வாசித்தேன். டிரைவர் காரை நிதானமாக ஓட்டி வந்தார் என்று முதல் வசனம் சொன்னது. நான் திடீரெனக் குறுக்கே வந்தேன் என்றது இரண்டாவது. இந்தக் காசைப் பெற்றுக்கொண்டு இனி எக்காலத்திலும் எதுவும் கேட்கமாட்டேன் என்றது மூன்றாவது.

இரண்டாவது வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். திடீரெனக் குறுக்கே வந்தது உடும்பு. நான் இல்லை.

அப்பா கைநாட்டு வைக்கப் பெருவிரலை நீட்டிக்கொண்டு நின்றார். கணக்கப்பிள்ளை மைப்பெட்டியைத் திறந்தார். நான் தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். கால் எப்படி ஆகும் என்று டாக்டருக்கே இன்னும் தெரியாது, கல்லை எடுத்த பிறகு பதில் சொல்கிறேன் என்றேன். கணக்கப்பிள்ளைக்கு முகம் மாறியது. என்னை விட்டு அப்பாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கோட்டுக்குப் போறதெண்டால் போங்கோ. ஆனா அங்கை எல்லாத்தையும் கேப்பினம். பிரஜாவுரிமை இருக்கோ, எங்கையிருந்து வந்தனீங்கள், எந்தக் காணியிலை இருக்கிறியள், எல்லாம் கேப்பினம்."

அவர் போன பிறகு அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மாவிடம், நான் கேட்கும்படி, காலும் போய்க் காணியும் போகப்போகிறது என்றார்.

கணக்கப்பிள்ளை வந்து பத்து நாள் இருக்கும். பார்வையாளர் நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். தனியாக வந்திருந்தாள். தோடம்பழங்கள் இருந்த பையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை.

"நான்தான் ஓட்டினனான். உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டாள்.

"தெரியும்ங்க."

"பொலிசுக்கு ஏன் சொல்லேல்லை?"

"யாரும் கேக்கல."

அவள் அழத் தொடங்கினாள். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கால் என்னுடையது, அழுவது அவள், ஆறுதல் சொல்ல வேண்டியதும் நானா? நீங்கள் அழுதால் நேர்ஸ் என்னைத்தான் ஏசுவார் என்றேன். அவள் சட்டென்று நிறுத்தி முகத்தைத் துடைத்தாள். பிறகு நடந்ததையெல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். கார் ஓட்டப் பழக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். வாகனம் குறைந்த ரோட்டில், காலை வேளையில், டிரைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகியிருக்கிறாள். அன்று ஐந்தாவது நாள். லைசன்ஸ் இல்லை. மகளின் பெயர் பொலிசிலும் கோட்டிலும் அடிபட்டால் கலியாணம் நடக்காது என்று தகப்பன் டிரைவரைச் சொல்ல வைத்திருக்கிறார். டிரைவர் நீதவானின் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டமும் கட்டிவிட்டார். அவருடைய லைசன்சை ஆறு மாதத்துக்கு நிறுத்திவிட்டார்கள். ஆலையில் மூட்டை தூக்குகிறார், அரைச் சம்பளம்.

"அவருக்கு நாலு பிள்ளையள். என்னைக் கண்டால் இப்பவும் சிரிக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் மூன்று முறை வந்தாள். பழைய வாரச் சஞ்சிகைகளைக் கொண்டு வருவாள். கதைகளை நான் வாசித்து முடித்திருப்பேன், அவள் வந்து முடிவை மட்டும் கேட்பாள். நாங்கள் சிநேகிதிகளாகிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் வராத கிழமைகளில் நான் வாசலைப் பார்த்தேன்.

வைகாசியில் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு கூடியிருந்தது. ஆனால் இடது கால் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டையாகிவிட்டது. இன்னும் ஆறு மாதம் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னொரு சத்திரசிகிச்சை செய்ய நேரலாம் என்றார் டாக்டர். கக்கத் தடிகளோடு வீட்டு முற்றத்தில் நடக்கப் பழகினேன். ஒரு கிழமைக்குள் கணக்கப்பிள்ளை மறுபடி வந்தார். தொகை கூடியிருந்தது. தாள் அதே தாள், அந்த மூன்று வசனங்களும் அப்படியே இருந்தன.

வோர்டில் வேலை செய்த பெண் ஒருவர், முன்காசு கேட்காத ஒரு சட்டத்தரணியைப் பற்றி என் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா ஒரு காலை என்னைப் பஸ் ஏற்றி வவுனியாவுக்குக் கூட்டிப்போனார். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், ஒரு தேத்தண்ணிக் கடைக்கு மேலே, சின்ன அறை. பதினான்கு படி. கக்கத் தடியோடு அதில் ஏறியதுதான் அதுவரை நான் செய்த பெரிய காரியம். சட்டத்தரணி ஒல்லியான, தடித்த கண்ணாடி போட்ட மனிதர். நான் சொன்னதை முழுவதும் இடைமறிக்காமல் கேட்டார். நான் முதலில் கேட்டது பிரஜாவுரிமையைப் பற்றித்தான். அவர் சிரிக்கவில்லை.

"பிள்ளை, ரோட்டிலை அடிபடுறதுக்குப் பிரஜாவுரிமை தேவையில்லை. நட்டஈடு கேக்கிறதுக்கும் தேவையில்லை. கோட்டிலை உம்முடைய காலைப் பற்றித்தான் கேப்பினம்."

அம்மா அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

பிறகு அவர் விஷயத்தை உடைத்துச் சொன்னார். தாளில் கையெழுத்துப் போட்டால் காசு உடனே வரும், இரண்டாவது சத்திரசிகிச்சை வந்தால் அது என் தலையில். வழக்குப் போட்டால் காப்புறுதிக் கம்பனி கொடுக்க வேண்டி வரும், தொகையும் பெரிதாக இருக்கலாம், ஆனால் இரண்டு மூன்று வருடம் இழுபடும். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. லைசன்ஸ் உள்ளவர் ஓட்டியிருந்தால்தான் கம்பனி கொடுக்கும். அந்தப் பெண் ஓட்டினாள் என்று நான் சொன்னால் கம்பனி கையை விரித்துவிடும். டிரைவர்தான் ஓட்டினார் என்று நான் சத்தியம் செய்து சொல்ல வேண்டியிருக்கும்.

"பொய் சொல்லாம வழக்குப் போட முடியாதுங்களா?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போடலாம். முதலாளியிட்டை நேரே கேக்கலாம். ஆனா ட்ரைவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிட்டார். உம்முடைய சொல்லு ஒண்டுதான் எங்களிட்டை இருக்கு. வெல்லுவம் எண்டு நான் சொல்லமாட்டன்," என்றார். யோசித்துச் சொல்ல இரண்டு கிழமை தந்தார்.

அந்த இரண்டு கிழமையும் நான் வீட்டுக்குப் பின்னால் பாலை மர நிழலில் உட்கார்ந்து விதைக் கச்சான் உடைத்தேன். கை வேலை செய்ய, மனது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. காசு வேண்டும் என்று ஒரு நேரம் தோன்றும். அடுத்த நேரம் அந்த இரண்டாவது வசனம் வந்து நிற்கும். இனி என் வாழ்நாள் முழுவதும் நொண்டி நொண்டி நடக்கும்போது, ஏன் இப்படி என்று யாராவது கேட்டால், நானே குறுக்கே போனேன் என்று எழுதிக் கொடுத்தவள் ஆவேன். வழக்குப் போட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்றும் யோசித்தேன். யோசித்ததற்காக என்மேலேயே கோபப்பட்டேன்.

ஒரு மத்தியானம் அப்பா வந்து பக்கத்தில் குந்தினார். அம்மா சட்டத்தரணியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த கை என்பதால் அது ஏன் அப்படி என்று நான் கேட்டதே இல்லை. தேயிலை அரைக்கும் இயந்திரத்தில் போனது என்று மட்டும் தெரியும்.

"அன்னிக்கும் ஒரு தாள் கொண்டாந்தாங்க," என்றார். "என் கவனக்கொறைவுன்னு எழுதியிருந்துச்சாம். கட்டுப் போட்ட கையோட, மத்தக் கைப் பெருவெரல வச்சுக் குடுத்தேன். மெசினு மூடி ஒடஞ்சு மூணு மாசம். நாந்தான் மொதல்ல போய்ச் சொன்னேன், மூடி ஒடஞ்சிருக்குன்னு."

கொஞ்ச நேரம் அவரும் கச்சான் உடைத்தார்.

"அதுக்கப்பறம் பாக்கிறவங்கெல்லாம் கவனமில்லாதவன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் போலன்னு நெனச்சிக்கிட்டேன். நீ வைக்காத. எது செஞ்சாலும் அத மட்டும் வைக்காத."

அவர் எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மத்தியானத்தோடு என் மனதில் இருந்த குழப்பத்தில் பாதி தீர்ந்தது. சமாதானமாகப் போகலாம், ஆனால் அந்த வசனத்தோடு போக முடியாது. நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று சட்டத்தரணிக்குச் சொல்லியனுப்பினேன். ஒரு துண்டுத் தாளில் அந்தப் பெண்ணுக்கும் எழுதி, ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த டிரைவர் மூலம் அவளிடம் சேர்க்கும்படி அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். எந்த நாள், எத்தனை மணி என்பது மட்டும்தான் அதில் இருந்தது. வாருங்கள் என்று எழுதவில்லை. வருவதா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும் என்று விட்டேன்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. முதலாளியும் கணக்கப்பிள்ளையும் ஒரு பக்கம், அப்பாவும் நானும் மறுபக்கம். நடுவில் சட்டத்தரணியின் மேசை. அப்பா கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார், என்றாலும் உட்கார்ந்திருந்தார். நான் ரோட்டோரத்தில்தான் நடந்தேன், குறுக்கே போகவில்லை, அந்த வசனம் இருக்கும் தாளில் எவ்வளவு தந்தாலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். யார் ஓட்டியது என்பதும் எனக்குத் தெரியும் என்றேன்.

முதலாளி சட்டத்தரணியைப் பார்த்துத்தான் பேசினார். "அவள் குமர்ப்பிள்ளை. நாளைக்கு ஒரு இடத்திலை கட்டிக் குடுக்க வேணும். இவையள் கொஞ்சம் யோசிக்க வேணும்."

"நானும் குமருதாங்க," என்றேன்.

கீழே தேத்தண்ணிக் கடையில் யாரோ சீனி கூடப் போடச் சொன்னது கேட்டது. அப்போதுதான் படியில் காலடிச் சத்தம். அவள் வந்து கதவடியில் நின்றாள். மூச்சு வாங்கியது. தகப்பன் எழுந்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் போகவில்லை.

"நான்தான் ஓட்டினனான், ஐயா," என்று சட்டத்தரணியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என் அப்பாவின் பக்கம் திரும்பி, "உங்கடை மகள் ஓரமாத்தான் நடந்து வந்தவா. நான்தான் திருப்பினனான்," என்றாள்.

முதலாளி உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்த பிறகும் வெறும் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். அவரை அன்று நான் வெறுத்தேன் என்று சொல்ல முடியாது. மகளைக் காப்பாற்றப் பார்த்தவர். என் அப்பாவும் தனக்குத் தெரிந்த வழியில் அதையேதான் செய்யப் பார்த்தார்.

பிறகு பேச்சு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தது. ஓட்டியது யார் என்று தாளில் எழுத வேண்டும் என்றேன். அப்படி எழுதினால் நீதவானிடம் பொய் சொன்னதற்காக முதலில் சிறைக்குப் போவது டிரைவராகத்தான் இருக்கும் என்று சட்டத்தரணி விளக்கினார். எனக்கு அது தோன்றவே இல்லை. நான்கு பிள்ளைகளின் தகப்பனை உள்ளே அனுப்பி எழுதுகிற உண்மை எனக்கு வேண்டாம் என்றேன். ஆகவே முழு உண்மையும் அந்தத் தாளில் இல்லை. அது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனால் சட்டத்தரணி தன் கையால் எழுதிய புதிய தாளில், நான் வீதியின் ஓரத்தில் நடந்து வந்தேன் என்றும், காரில் வந்தவர்களின் தவறால் அடிபட்டேன் என்றும், என் பக்கத்தில் எந்தப் பிழையும் இல்லை என்றும் இருந்தது. காப்புறுதிக் கம்பனியிடம் போகாமல் முதலாளியே நட்டஈட்டைத் தருவார். அது முதலில் சொன்னதைப் போல மூன்று மடங்கு. இரண்டாவது சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் அந்தச் செலவும் அவருடையது.

கடைசியாக ஒன்று கேட்டேன். டிரைவருக்கு லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும்வரை முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று. முதலாளி முதல்முறையாக என் முகத்தை நேரே பார்த்தார். "அதை எழுத வேண்டாம் பிள்ளை. நான் குடுக்கிறன்," என்றார். கொடுத்தார் என்று பிறகு அவருடைய மகள் சொன்னாள்.

நான் என் பெயரை முழுவதும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சியாக அப்பா பெருவிரலை வைத்தார். வைக்க முன், அந்த வசனத்தை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிழை இல்லை என்ற இடத்தை இரண்டு தடவை வாசிக்க வைத்தார். இறங்கும்போது அந்தப் பெண் என் ஒரு கக்கத் தடியை வாங்கிக்கொண்டு, தோளைக் கொடுத்தாள். பதினான்கு படியும் ஒவ்வொன்றாக இறங்கினோம்.

ஐப்பசியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது, இனி வெட்ட வேண்டியதில்லை என்றார். வவுனியாவில் ஒரு செருப்புத் தைப்பவர் இடது செருப்புக்கு ஒரு அங்குலம் அடி வைத்துக் கொடுத்தார். முதல் நாள் அதைப் போட்டு நடந்தபோது இடுப்பு நேராக நின்றது. நான் மறந்தே போயிருந்த ஒரு சுகம் அது. முதலாளியின் மகளுக்கு அடுத்த வருடம் லைசன்ஸ் கிடைத்தது, ஒழுங்காகப் பரீட்சை எழுதி. கலியாணமும் நடந்தது. அழைப்பிதழ் வந்தது, நாங்கள் போனோம், முதலாளி அப்பாவைக் கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தார்.

காசு வந்தவுடனேயே கிணறு வெட்டத் தொடங்கிவிட்டோம். அது என்னுடைய முடிவு. வீட்டுக்குக் கூரை போடலாம் என்றார் அம்மா, மாடு வாங்கலாம் என்றார் அப்பா. நான் கூலிக்குக் குனிந்து கச்சான் பிடுங்க இனி முடியாது. வீட்டோடு இருந்து பயிர் செய்ய வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். அடிபட்ட அந்த வருடத்து ஆவணி வெயிலில், நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்தபோது, மூன்று பேர் வெட்டத் தொடங்கினார்கள். பத்து அடியில் கல் வந்தது. வெடி வைத்து உடைத்தார்கள். பதினெட்டு அடியில் ஈரமண் வந்தது. வேறு இடம் பார்த்திருக்கலாம் என்று அப்பா முணுமுணுத்த அன்று பின்னேரம், வடக்குப் பக்கச் சுவரில் விரல் தடிப்பத்துக்கு ஒரு ஊற்று உடைத்தது. கீழே நின்றவர் குரல் கொடுத்தார். அம்மா வாளியை இறக்கச் சொல்லி, கலங்கல் தண்ணீரைக் கையில் ஏந்தி, நாக்கில் வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் பல கிணறுகள் உப்புக் கரிக்கும் சவர். நாங்கள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்ல தண்ணி," என்றார்.

இரண்டு நாள் தெளியவிட்டு, முதல் வாளியை நானே இறைத்தேன். அதற்குள் கக்கத் தடிகளை விட்டிருந்தேன். மிளகாய் நாற்றுப் பாத்திவரை முப்பது அடி தூரம். கட்டையான காலோடு போய்ச் சேர்வதற்குள் பாதித் தண்ணீர் பாவாடையில் போய்விட்டது. அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, இரண்டாவது தடவை போனேன். அந்த முறை கொஞ்சம்தான் சிந்தியது. அந்த மாரி மழைக்கு ஆயிரம் மிளகாய்க் கன்று நட்டோம்.